பின்பெஞ்சு

என்னங்க,

சமையல் கேஸ் தீரும் சமயம், சிலிண்டருக்குப் பதிந்துவிடுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போர்க்காலத்தில் ராணுவ லாரிகள் செய்த தொழிற்சாலையைப் பற்றித்தான் ஆராய்ச்சிக்காக இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் போருக்குப் போனதும் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த ஒரு மூதாட்டியை இன்று சந்தித்தேன். வீரர்கள் உட்காரும் பின்பெஞ்சுகளுக்கு வெல்டிங் வைத்தவர்.

“வெல்டிங் ஆறினதும் நாங்களே மேல ஏறிக் குதிச்சுப் பாப்போம்மா. யார் பெத்த பிள்ளையோ உக்காரப்போகுதுல்ல?” என்றார். பிறகு, “உனக்குப் பிள்ளைங்க?” என்று கேட்டார்.

“ஒரே பையன். பட்டாளத்துல இருந்தான். போன வருஷம் அவன் போன லாரி பள்ளத்துல உருண்டுடுச்சு.”

யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னேன். அழுகை வரவில்லை.

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். “நாங்க செஞ்ச வண்டியாம்மா?”

“இல்லம்மா. இது புது வண்டி.”

அப்போதும் கையை விடவில்லை. “பெஞ்சு தாங்குச்சா?”

எனக்குத் தெரியவில்லை. போய் அந்த வண்டியைப் பார்த்தவர் நீங்கள்தான். நீங்கள் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை இருந்தது. பிறகு இந்த ஆராய்ச்சி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வண்டியைப் பற்றி முதலிலிருந்து சொல்லுங்கள். எழுந்து போகாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி