கடைசிச் சரணத்தைப் பாடாதே

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
நவம்பர் 4

அன்பு மகள் நதீஷாவுக்கு,

அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர்த்தால் ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம், ரஷ்யாவுக்குப் பக்கத்து ஜோர்ஜியாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் அழுகை முந்திவிடும், அதனால்தான் எழுதுகிறேன் பிள்ளை. நீ ரஷ்யப் பாட்டுப் படிக்கத் தொடங்கிய நாட்களில் அறைக்குள் இருந்து "டா, டா" என்று கதைத்ததைக் கேட்டு எவனோ பெடியனோடு கதைக்கிறாய் என்று ஏசினேன், அது அவர்கள் பாஷையில் 'ஓம்' என்று தெரிந்த பிறகும் பாட்டை விடச் சொல்லித்தான் நின்றேன். ஏனென்று எத்தனை தரம் கேட்டாய், அதையும் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய வீடியோவை என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் கலினாவுக்குக் காட்டினேன், அவள் ரஷ்யக்காரி. நாட்டைவிட்டு வந்த நாலு ரஷ்யப் பிள்ளைகளுக்கு நடுவில் நீ பாடுவதைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு வரிவரியாக அர்த்தம் சொன்னாள். "நான் ரஷ்யப் பெண், விறகும் பிளப்பேன், லொறியும் ஓட்டுவேன், எனக்குக் கை ஓங்காதே" என்று பாட்டில் வருவதை அவள் சொல்லச் சொல்ல எனக்கே முதுகு நிமிர்ந்தது. நீங்கள் பாடாமல் விட்ட கடைசிச் சரணத்தையும் அவளே பாடிக் காட்டினாள். அதில் அதே பெண் மகனுக்குச் சப்பாத்து மாட்டிப் போருக்கு அனுப்புகிறாள், அழவே மாட்டாளாம், அழாததுதான் ரஷ்யப் பெண்ணுக்கு அழகாம். கலினாவின் அக்கா மகன் போனவன் திரும்பவில்லை, அக்கா இன்னும் அந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்கிறாளாம். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

சரணத்தை வெட்டியதற்குச் சனம் கூச்சலிட்டது, ரஷ்யக்காரியே இல்லாத நீ எங்கள் பாட்டில் கை வைப்பதா என்று கேட்டார்கள், வருகிற சனிக்கிழமைக் கச்சேரியில் ஒரு சரணமும் விடாமல் பாடவா, குழுவைவிட்டு விலகவா என்று எழுதியிருந்தாய். பதில் சொல்ல முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னம்மா ரதி காய்ச்சலில் செத்தாள் என்று உன்னை நம்ப வைத்தேன், அது பொய். ஊரில் எங்களிடமும் அப்படி ஒரு பாட்டு இருந்தது, அடுப்படியை விட்டு வா, நீ ஒருவருக்கும் குறைந்தவள் இல்லை என்று தொடங்கும், எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது. கடைசியில் துவக்கைத் தூக்கிச் சண்டைக்கு வரச் சொல்லும். கோயில் பாடகர் குழுவில் அவளுக்குக் குரல் பழக்கிய நான்தான் அதையும் பழக்கினேன், ஒரு சரணமும் விடாமல். பள்ளிக்கூட விழாவில் பாடி மூன்றாம் நாள் இயக்கத்துக்குப் போய்விட்டாள், வயது பதினேழு. உடம்பும் வரவில்லை. எங்கேயாவது இருப்பாள் என்ற ஆசையில் இத்தனை வருஷமும் செத்தவர்களுக்காக வைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு அவள் பெயரைக் கொடுக்காமல் இருந்தேன். நேற்று முன்தினம் கொடுத்துவிட்டேன். எழுதும்போது அப்பாதான் பக்கத்தில் நின்றார்.

விலகாதே பிள்ளை. முதல் சரணங்களைத் தொண்டை கிழியப் பாடு. கழுத்துக்குக் கம்பளி கட்டாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. தேவமாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். கடைசிச் சரணம் எங்கே என்று யார் கேட்டாலும், அதைப் பாட வேண்டாம் என்று அம்மா சொன்னவா என்று சொல்லு.

இப்படிக்கு,
ரதியின் அக்கா, உன் அம்மா
அன்ரனெற்