வரோனெஷில் தலையாட்டிய அக்காவுக்கு

அக்கா,

இன்று சிட்னி ஹோம்புஷ் காய்கறிக் கடையில் சதகுப்பைக் கீரையைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டு நின்றேன். வாங்கவில்லை. அந்த வாசனை வந்தால் வரோனெஷ் வந்துவிடுகிறது. வரோனெஷ் வந்தால் கூடவே நீங்கள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரஷ்யாவுக்குப் போகிறவர்கள் மாஸ்கோவைப் பார்ப்பார்கள். நமக்கு அது விமானம் மாறிய ஊர், அவ்வளவுதான். நம்மவர் பலர் பெயர்கூடக் கேட்டிராத வரோனெஷுக்குப் போவதற்காக, நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த நீங்கள் அறுபதை நெருங்கும் வயதில் சனிக்கிழமை ரஷ்ய வகுப்பில் சேர்ந்து, என்னையும் இழுத்துப்போட்டீர்கள். காரணத்தை அப்புறம்தான் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே படிக்கப் போன உங்கள் தம்பி, காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனான். வீட்டுக்கு வந்தது முத்திரை குத்திய ஒரு கடிதம் மட்டும். கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பது ஒன்றுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக் கேட்க உங்களுக்கு மனமில்லை.

தம்பியோடு படித்த லுத்மிலாவின் வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். முதல் நாள் சாப்பாட்டு மேசையில், தம்பியைப் பற்றிச் சொல்லட்டுமா என்று அவரே மெதுவாகக் கேட்டார். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். தலையை மட்டும் ஆட்டினீர்கள், நம் ஆட்கள் ஆட்டுகிற மாதிரி, இரண்டு பக்கமும். அவர் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. காலையில் மொழி வகுப்பு. மாலையில் பொம்மலாட்ட அரங்கு, ஆற்றங்கரை, சந்தை என்று ஊரையே காட்டினார். சூப்பிலிருந்து உருளைக்கிழங்கு வரை எல்லாவற்றிலும் சதகுப்பை. உங்கள் தம்பி மட்டும் எங்கும் இல்லை.

"அவவுக்குச் சொல்ல விருப்பமில்லைப் போல கிடக்கு," என்று ஒருநாள் பேருந்தில் சொன்னீர்கள். "கேட்டு நோகடிக்கக் கூடாது."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு இது என்ன பெருந்தன்மை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான்தான் பொறுக்கமாட்டாமல், என் ஓட்டை ரஷ்ய மொழியில் லுத்மிலாவிடம் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். வேண்டாம் என்று தலையாட்டியது உன் தோழிதானே என்றார். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தமாம். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது ஆமாம் என்றுதான் பட்டது. ஒரு மாதமாக நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோகடிக்காமல் காத்திருந்திருக்கிறீர்கள்.

பிறகு உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். விடுதியில் தனியாகப் படுத்துக் கிடந்த தம்பியை அவரும் அவர் அம்மாவும் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தது, கரண்டியால் கோழி சூப் ஊட்டியது, கடைசி வரை மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஒரு சொல் விடாமல் கேட்டீர்கள். சிட்னி வரும்வரை விமானத்தில் அசந்து தூங்கினீர்கள். நீங்கள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், நீங்கள் மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் என்னிடம் பேசிவிட்டுப் போனார். கண் விழித்ததும் அவர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் நம்மவர் வழக்கம். எனக்கும் வாய் வரை அதுதான் வந்தது.

"மறைக்காமச் சொல்லும். எனக்கு எவ்வளவு நாள்?"

"ஒரு வாரம்தான்க்கா."

என் கைபேசியைக் காட்டினீர்கள். "அப்ப பிள்ளைய வரச் சொல்லும். இண்டைக்கே."

அடுத்த மாதம் வருவதாக இருந்த உங்கள் மகள் அன்று மாலையே மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கிலிருந்து வந்து சேர்ந்தாள். உங்கள் இருவருக்கும் நான்கு நாள் கிடைத்தது. கட்டிலில் ஏறி உங்களோடு படுத்துக்கொண்டு அவள் எதையோ சொல்ல, நீங்கள் சிரித்தது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

ஒரு வாரம்தான் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது இன்னமும் கனக்கிறது, அக்கா. அந்தச் சிரிப்பும் காதிலேயே இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்ள முடியவில்லை, இரண்டையும் வைத்திருக்கிறேன்.