உன் ஐந்து நிமிடத்தை அழித்துவிட்டேன்

என் அருமைத் திருட்டுப்பயலே தாசு,

கோபித்துக்கொள்ளாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய உதவிப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நேற்று எடுத்துவிட்டேன். "கரண்டு வந்ததும் குதிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று இருந்ததே, அந்த வரிதான்.

நீ செய்த சின்னப் பெட்டி நம் பண்டசோழநல்லூர் மோட்டார் கொட்டகையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், கரண்டு போய் வந்தால், நாம் வைத்த நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்பும். அதன் மென்பொருளை விற்கலாமே என்றேன். நீ ஊருக்கே திறந்து வைத்தாய், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்று. அதுகூடப் பரவாயில்லை. எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது என்று எழுதிய பக்கங்களின் அடியிலும் 'திருத்து' என்று ஒரு பொத்தான் வைத்தாயே, அதற்காக உன்னோடு எவ்வளவு சண்டை போட்டேன்!

மதகடிப்பட்டு ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் நீ சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். உனக்குத் தமிழ் டைப்பிங் வராது, வாய் மட்டும் வரும். நான் கஷ்டப்பட்டு அடித்ததில் கண்டவனும் வந்து கை வைப்பானா என்று கேட்டேன்.

"மாட்டுறவனுக்குத்தானேக்கா தெரியும், எங்க இடிக்குதுன்னு. நீ பாத்துட்டு சரின்னா போடு, இல்லன்னா வுடு" என்றாய். திருத்தங்களை ஏற்கும் சாவியையும் என்னிடமே கொடுத்தாய். கொடுத்துவிட்டு இப்படியா போவாய்? இந்த வயதில் நெஞ்சு வலி என்றால் யார்தான் நம்புவார்கள்?

நீ போன பிறகு ஒரு திருத்தத்தையும் நான் ஏற்கவில்லை. எழுத்துப்பிழையைக்கூடத் தொடவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்தால் நீ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும். அதில் இன்னொருவர் குரல் கலக்க மனசில்லை, அவ்வளவுதான்.

பாகூர் பக்கத்தில் மலர்க்கொடி என்று ஒரு பெண், உன் பெட்டியை வைத்து நெல் போடுகிறவள். ஐந்து நிமிட வரியை எடுத்துவிட்டு வேறு எழுதி அனுப்பினாள். வேண்டாம் என்று திருப்பினேன். மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் திருப்பினேன். போன வாரம் கடை நம்பருக்கே போன் வந்துவிட்டது.

"நான் எழுதுனதுல இன்னாக்கா தப்பு?" என்றாள். "எங்க கரண்டு லைன்ல முக்காவாசிப் பேரு இந்தப் பெட்டிதான் வச்சிருக்காங்க. எல்லாரும் உங்க பக்கத்தப் படிச்சிட்டு அஞ்சு நிமிஷம்னே வச்சிட்டாங்க. கரண்டு வந்தா அஞ்சு நிமிஷம் கம்முனு இருக்கும். அப்புறம் எல்லா மோட்டாரும் ஒண்ணாக் கிளம்புது, டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போயிடுது. நாத்து காயுதுக்கா."

சிரிப்பு வந்துவிட்டது, தாசு. வாய்விட்டே சிரித்தேன். முன்பெல்லாம் அவரவர் கொட்டகைக்கு நடந்து போய்த்தான் சுவிட்சைப் போடுவார்கள், ஒருத்தர் முன்னே ஒருத்தர் பின்னே. உன் பேச்சைத் தட்டாமல் கேட்டதால் வந்த வினை இது. நம் லைனில் இருப்பதே இரண்டு மூன்று மோட்டார், உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் பயந்தே போனாள். எழுதியவன் என் தம்பி, இப்போது இல்லை என்றேன்.

எப்படி என்று கேட்டாள், சொன்னேன். பிறகு, அப்படியானால் அந்த வரி இருக்கட்டும், எங்கள் ஆட்களிடம் நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். இப்படிச் சொன்னதும்தான் சுருக்கென்றது. உன் குரலை நான் வைத்துக்கொள்வதற்காக இன்னும் எத்தனை பேர் நாற்று காய வேண்டும்?

நேற்று கடையைத் திறந்ததும் அவள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். லைனில் இருப்பவர்களோடு பேசி ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். உன் வாய்த்துடுக்கு அதில் இல்லை, ஆனால் விஷயம் சரி. ஏற்றுக்கொண்டேன். பக்கத்தின் அடியில் எழுதியவர்கள் வரிசையில் உனக்கும் எனக்கும் கீழே இப்போது அவள் பெயர் இருக்கிறது.

தேங்கிக் கிடக்கும் மற்ற திருத்தங்களையும் இன்றிலிருந்து பார்க்கப்போகிறேன். நான் இருக்கிற வரைக்கும் உன் பொத்தான் அங்கேயேதான் இருக்கும். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னொன்று. யார் எப்போது மோட்டார் போடுவது என்று பேசிக்கொள்ள மலர்க்கொடியின் லைன்காரர்கள் நேற்றே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறாள். குழுவுக்குப் பெயர் 'குதிக்காதீங்க'.

உன்னோடு சண்டை இன்னும் முடியாத,
உன் அக்கா ரோஸி