நாலு ஸ்பீக்கரும் ஒரு எர்த் கம்பியும்

6 ஆகஸ்ட் 1978, ஞாயிறு
தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய எலக்ட்ரானிக் ஆர்கனை இன்று ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தேன். கூடத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். நடுவில் இவர் உட்கார்ந்து வாசித்தார். "வேணி, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாசிப்புதான் கேக்குது!" என்று சிரித்தார். நாள் முழுக்க நெசவாளர் சங்கத்தில் பில் எழுதும் மனிதர். இருபதாம் தேதி சங்க ஆண்டு விழாவில் இதே ஏற்பாட்டில் வாசிக்கப் போகிறார்.

ஆனால் கையை எடுத்தாலும் ஸ்பீக்கர்களில் ஒரு உறுமல். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவளுக்கு இதைச் சரிசெய்ய வராதா?

9, புதன்
உறுமல் போகவில்லை. வயர்களை மாற்றிப் பார்த்தாயிற்று. இவர் முகம் வாடிவிட்டது.

12, சனி
பிடித்துவிட்டேன்! ஆர்கனின் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றியதும் உறுமல் நின்றது. அப்படிக் கழற்றக் கூடாதுதான். விழா ஒரு நாள்தானே, முடிந்ததும் மாட்டிவிடலாம்.

21, திங்கள், ஆஸ்பத்திரியில்
எப்படி எழுதுவது? நேற்று முதல் பாட்டு நன்றாகப் போனது. சங்கத்து மண்டபத்தில் நான்கு பக்கமிருந்தும் இசை வந்தபோது ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டைச் சொல்வதற்காக இவர் மைக்கைப் பிடித்தார். இடது கை ஆர்கனின் இரும்புச் சட்டத்தில் இருந்தது. உடம்பு வெட்டி இழுத்தது — நாற்காலியோடு விழுந்தார். வயர்மேன் குப்புசாமிதான் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

உயிருக்குப் பயமில்லையாம். இடது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை.

23, புதன்
வீட்டுக்கு வந்துவிட்டோம். சங்கச் செயலாளர் கண்ணாயிரம் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "எல்லாம் குப்புசாமி பண்ண வேலைமா. மண்டபத்து வயரிங் அவன் பொறுப்பு. இனிமே வராதப்பான்னு சொல்லிட்டேன்."

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

24, வியாழன்
வாய் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை?

27, ஞாயிறு
இவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆபத்துன்னு தெரிஞ்சா கழட்டின?"

"பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் பாடம் நடத்துறேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம், "யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. நான் அதே சங்கத்து ஆபீசுக்குத்தான் போவணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாமே என்னை!

29, செவ்வாய்
பள்ளி விட்டதும் பிள்ளையார்பாளையத்தில் குப்புசாமி வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி செல்லியம்மாள் முதலில் கேட்டது, "சார் கை எப்படி இருக்குது டீச்சரம்மா?"

பிறகு சொன்னாள்: "இவரு சோறே துன்றதில்லமா. எங்கியோ தப்பு வுட்டுட்டேன், எங்கன்னுதான் தெரியலன்னு பொலம்பிக்கினே கிடக்குறாரு."

ஐயோ. அந்த மனிதர் தானே செய்ததாக நம்பிக்கொண்டிருக்கிறார். சொல்லத்தான் போனேன். சொல்லாமலே தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

30, புதன்
சங்க ஆபீசுக்கே போய்க் கண்ணாயிரத்திடம் சொன்னேன். நம்பவில்லை! "வயரு கியருலாம் உங்களுக்கு இன்னாமா தெரியும்? ஆம்படையானுக்கு ஆன துக்கத்துல பேசுறீங்க. வூட்டுக்குப் போங்க."

ஒரு பெண்பிள்ளைக்குத் தப்புச் செய்யக்கூடத் தெரியாதாம். மறைக்க நினைத்தபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒத்துக்கொண்டாலும் ஒருவரும் கேட்பதில்லை.

2 செப்டம்பர், சனி
ஆர்கனை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். இவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. குப்புசாமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன், வாசலோடு நின்றுகொண்டார்.

கமிட்டிக்காரர்கள் முன்னால் எர்த் இல்லாமலே பிளக்கைச் செருகினேன். டெஸ்டரை இரும்புச் சட்டத்தில் வைத்ததும் விளக்கு எரிந்தது. பிறகு ஆர்கனை அணைத்து, எர்த் கம்பியைத் திருகி, மறுபடி போட்டேன். உடனே ஃபியூஸ் போயிற்று. "கோளாறு பெட்டிக்குள்ள இருக்குது. விழாவன்னிக்குத்தான் வந்திருக்கணும். இந்தக் கம்பி இருந்திருந்தா அன்னிக்கும் ஃபியூஸ்தான் போயிருக்கும், அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கழட்டினது நான்."

குப்புசாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நானில்லியா?" என்றார். "நானில்லியா?"

"நீங்க இல்லைங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். என்னைப் பார்க்கவில்லை.

11, திங்கள்
குப்புசாமி வேலைக்குத் திரும்பிவிட்டார். காலையில் கடைத்தெருவில் எதிரே வந்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போனார். அவர் செய்தது நியாயம்தான்.

தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

24, ஞாயிறு
ஆர்கனுக்குள் புது டிரான்ஸ்பார்மர் போட்டேன். எர்த் கம்பியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் எதையும் இணைக்கவில்லை. இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அந்தப் பக்கமே வராதவர்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"மொதல்ல நீ தொடு."

இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

"இன்னொரு வாட்டி."

வைத்தேன். எடுக்காமலே வைத்திருந்தேன். அவர் மெல்ல வந்து உட்கார்ந்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு கட்டையை அழுத்தினார்.