காதுகுத்து கேசட்டில் கேட்காத பேச்சு

மஸ்கட்
12.6.2004

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நான் நல்ல சுகம். தொப்பை என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் பவதாரிணியும் வில்லாபுரத்து வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்?

நீ கொடுத்தனுப்பிய காதுகுத்து வீடியோ கேசட்டை இங்கே ஒரு கடையில் சீடியாக மாற்றிவிட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ரூமில் எல்லோரும் பார்த்தோம். உன் தம்பி மடியில் பவதாரிணி அழுகிறாள். பக்கத்தில் நான் அதைவிட அதிகமாக அழுகிறேன். "அண்ணே, காது குத்துனது பாப்பாவுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டு ஒரே சிரிப்பு.

ஒரு குறைதான். அந்த வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறார். யார் பேசுவதும் கேட்கவில்லை. நீ குனிந்து பாப்பாவிடம் ஏதோ சொல்கிறாய், அவள் அழுகையை நிறுத்திச் சிரிக்கிறாள். அன்றைக்குப் பக்கத்திலேயே இருந்தும் என் அழுகையில் எனக்குக் காதில் விழவில்லை. இப்போது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் அது என்னவென்று தெரியவில்லை.

அடுத்து யாரிடமாவது பருப்புப்பொடி கொடுத்துவிட்டால், அன்றைக்கு என்ன சொன்னாய் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வை. போனில் சொன்னால் மறந்துவிடுவேன், என் மண்டைதான் உனக்குத் தெரியுமே. அந்த இடம் வரும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே சொல்லிக்கொள்வேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஆரன் அடிக்கிறான்.

உன்
தங்கப்பாண்டி