முறுக்காணியில் குறையில்லை

அன்புள்ள அக்கா,

தந்தியை இறுக்கும் முறுக்காணி நழுவுகிறதென்று நீ அனுப்பிய வயலின் வந்தது. ஆணி வழுக்காமலிருக்க நீயே சாக்பீஸ் தூள் தடவியிருக்கிறாய். நான் உள்ளே அழுத்தித் திருகினேன். நாலும் இறுக்கமாக நின்றன. உன் மணிக்கட்டால்தான் அழுத்த முடியவில்லை.

போன் செய்தேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். "உங்கக்கா தடுக்கி விழுந்துட்டாப்பா. கண்ணைப் பிடரியில வச்சிருந்தா வேற என்ன ஆகும்?" சிரிப்பு வேறு.

அம்மாவோ, "குடும்பம்னா நாலும் இருக்கும், நீ சும்மா இரு" என்கிறாள். எல்லோரும் சும்மா இருந்துதான் அந்த ஆளுக்கு இவ்வளவு தைரியம்.

வயலினைத் திருப்பி அனுப்பமாட்டேன். வாசித்துப் பார்த்து வாங்கிப்போக உன்னை நேரில் வரச் சொன்னதாக அவரிடம் சொல். அவர் கண்ணில் படக்கூடாதென்றுதான் இதை நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு எழுதுகிறேன். பாப்பாவோடு வா. அவளுடைய புத்தகப்பையையும் எடுத்துக்கொள்.

உன் தம்பி