எறும்புகள் ஜெயித்த நாடகம்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "தேவலை" என்று ஒரே சொல்லில் முடிக்காமல் விவரமாக எழுதுங்கள். நான் நலம்.

நான்கு வெவ்வேறு தாய்மொழி பேசும் பிள்ளைகள் சேர்ந்து பழைய காகிதத்தில் பொம்மை செய்து நாடகம் போடும் என் வகுப்பைத் தலைமையாசிரியர் "சந்தைக்கடை" என்பார். நேற்றைய நாடகத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதாக இருந்தார்.

நேற்றுக் காலையில் பொம்மைப் பெட்டியைத் திறந்தால் மரம்வெட்டி பொம்மைக்குப் பாதி முகத்தைக் காணோம். கடைப் பசை கூடாது, மைதாவில்தான் காய்ச்ச வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் எறும்புகளுக்கு விருந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், "உன் பிடிவாதம் எறும்புக்காவது பிடிச்சிருக்கே" என்றிருப்பார்.

நான் எறும்புகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டீச்சர், அவன் மரத்த வெட்டினான்ல? எறும்புக்கு வீடு போச்சு. அதான் கடிச்சிடுச்சு!" என்றாள் ஒரு வாயாடி.

அதையே நாடகமாக்கினோம். ஒருவன் அந்தப் பாதிமுகப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓட, மற்ற எல்லாரும் எறும்புகளாகி, அவரவர் வீட்டு மொழியில் "எங்க வீட்ட வெட்டாதே!" என்று கத்தியபடி மரம்வெட்டியை மேடையெங்கும் துரத்தினார்கள். தமிழ் பேசியதற்கு முட்டி போடவைத்த நம் கான்வென்ட்டை நினைத்துக்கொண்டேன். பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"சந்தைக்கடை எப்படி சார்?" என்றேன்.

"மானத்த வாங்காதீங்கம்மா. எல்லா வகுப்புக்கும் இத நீங்களே எடுங்க."

இனி நிறைய பொம்மைகள் வேண்டும். அவற்றுக்கு உடுத்த உங்கள் பழைய நூல் புடவைகளைத் துவைத்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் துவைக்க வேண்டாம். அது பொம்மைக்கு அல்ல, எனக்கு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் தங்கை